உங்களுக்குத் தெரியுமா? கரும்புத் தோட்டத்தில் முளைத்த பேய்

● 'ஜோம்பி' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். 'நடைப்பிணம்' நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? செத்தவன் எழுந்து நடந்தால் நாம் அவனை நடைப்பிணம் என்பதில்லை. பேய் என்போம், முனி என்போம். உயிரோடு இருந்தும் உள்ளே செத்துப்போனவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். கடனில் முழுகியவர், குடியில் விழுந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஜோம்பி பிறந்த ஹைட்டி நாட்டிலும் அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய இதே பொருள்தான். கூட்டம் கூட்டமாக வந்து மனிதக் கறி தின்னும் பழக்கத்தை அதற்கு ஏற்றிவிட்டது 1968ல் வந்த ஒரு சினிமா.

● ஹைட்டி ஜோம்பி யாரையும் கடிக்காது, துரத்தாது. மந்திரவாதி ஒருவனைச் சாகடித்து, புதைத்த பிறகு குழியிலிருந்து எழுப்பி, கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு விட்டுவிடுவான் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதற்குக் கூலி கிடையாது, பேச்சு கிடையாது, களைப்பும் கிடையாது. ஒரே ஒரு பத்தியம் உண்டு: சாப்பாட்டில் உப்பு கூடாது. நாக்கில் உப்பு பட்டுவிட்டால் தான் செத்தவன் என்பது நினைவுக்கு வந்து, போட்டது போட்டபடி தன் குழியைத் தேடிப் போய்விடுமாம்.

'உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிற?' என்று நம் பக்கத்தில் ரோஷம் கெட்டவனைக் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடைக்கமாட்டான்.

● பிணத்தைக் கண்டு பயப்படுவதில் புரியாதது ஒன்றுமில்லை. செத்த பிறகும் வேலை செய்ய வேண்டுமே என்று பயப்பட ஒரு ஜனத்துக்கு என்ன காரணம்? ஹைட்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்பு விளைவித்த மண். சவுக்கடிக்கு நடுவே வாழ்ந்தவனுக்கு மரணம் ஒன்றுதான் விடுதலை. அதையும் பிடுங்கிக்கொண்டால்? அந்தத் திகிலுக்கு வைத்த பெயர்தான் ஜோம்பி.

● இங்கே காளையார்கோவில்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். வெள்ளைக்காரர்களை எதிர்த்து மருது சகோதரர்கள் விடுத்த ஜம்புத்தீவுப் பிரகடனம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒட்டப்பட்டது 1801 ஜூன் 16. அடுத்த மாதமே, ஜூலையில், அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் அடிமையாகப் பிறந்த தூசான் லூவெர்தூர் ஹைட்டிக்கு ஓர் அரசியல் சட்டத்தை அறிவித்து, இங்கே இனி அடிமை இல்லை என்றார். இரு தரப்புக்கும் ஒன்றை ஒன்று தெரிந்திருக்க வழியே இல்லை.

முடிவும் அண்ணன் தம்பி போலத்தான். அக்டோபர் 1ம் தேதி காளையார்கோவில் கர்னல் அக்னியூவின் படையிடம் விழுந்தது. 24ம் தேதி மருதுபாண்டியர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தூசானை 1802ல் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். மறுவருஷம் ஏப்ரலில், குளிரடிக்கும் மலைக்கோட்டைச் சிறை ஒன்றில் அவர் உயிர் போனது. ஆனால் ஹைட்டி ஜெயித்தது. 1804 ஜனவரி 1ல் சுதந்திர நாடானது.

● அதே 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்தும் ஒரு கப்பல் புறப்பட்டது. சிவகங்கைச் சீமைப் போராளிகள் எழுபதுக்கும் மேற்பட்டோர், கையில் விலங்கோடு, பினாங்குத் தீவுக்கு. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். அப்போது அவருக்கு வயது பதினைந்துதான் இருக்கும்.

போரில் இந்தப் பக்கம் வந்து சண்டை போட்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818ல் பினாங்கு போயிருந்தபோது தளர்ந்து நொடிந்த கிழவர் ஒருவர் தன் முன்னால் வந்து நின்றதை எழுதியிருக்கிறார். யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டபோது வந்த பதில்: துரைசாமி. முப்பத்து சொச்சம் வயசில் கிழவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று அதே வெல்ஷ் அதே புத்தகத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படித்தால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. எந்த ஜோம்பி படத்திலும் எனக்கு இப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை.

● சரி, சினிமாவுக்கு வருவோம். செத்தவர்கள் கூட்டமாக எழுந்து வரும் காட்சியைத் திரையில் முதலில் பெரிதாகக் காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு இயக்குநர் அபெல் கான்ஸ். படம் 'ஷாக்யூஸ்', 1919. முதல் உலகப் போரில் மாண்ட வீரர்கள் எழுந்து ஊருக்கு வருகிறார்கள், தங்கள் சாவுக்கு அர்த்தம் இருந்ததா என்று பார்க்க. பிணங்களாக நடித்தவர்கள் விடுப்பில் வந்திருந்த நிஜச் சிப்பாய்கள். விடுப்பு முடிந்து போர்முனைக்குத் திரும்பிய அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் நிஜமாகவே செத்துப்போனார்கள் என்று கான்ஸ் பின்னாளில் சொன்னார்.

● ஜோம்பியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது ஒரு ராணுவ ஆக்கிரமிப்பு. 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. ரோடு போடுவதற்கு ஊர் ஜனங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கட்டாய வேலை வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் அங்கே சுற்றிய வில்லியம் சீப்ரூக் என்பவர் 1929ல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற பயணப் புத்தகத்தை எழுதினார். கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம். மேலே சொன்ன உப்புக் கதையும் அதில் வருகிறது. புத்தகம் விற்றுத் தீர்ந்தது. ஹாலிவுட் மோப்பம் பிடித்தது.

● முதல் ஜோம்பி படம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது 1932ல் வந்த 'வைட் ஜோம்பி'. விக்டர் ஹால்பெரின் இயக்கம். அவருடைய சகோதரர் எட்வர்டு தயாரிப்பு. சுமார் ஐம்பதாயிரம் டாலர், பதினோரு நாள் படப்பிடிப்பு. செட் போடக் காசில்லை, 'டிராகுலா' படத்துக்கும் 'பிராங்கன்ஸ்டைன்' படத்துக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோ போட்டுவைத்திருந்த செட்டுகளை வாடகைக்கு எடுத்து ராத்திரியில் படம்பிடித்தார்கள். டிராகுலாவாக நடித்துப் பெயர் வாங்கிய பெலா லுகோசிதான் இதிலும் வில்லன்.

படத்தில் ஒரு காட்சிக்காகவே அதைப் பார்க்கலாம். வில்லனின் சர்க்கரை ஆலை. மாடு சுற்றும் செக்கைப் போல ஒரு பெரிய உருளை. அதைச் சுற்றுவது ஜோம்பிகள். மேலே கரும்புக் கூடையோடு நடந்துவரும் ஒருவன் தடுக்கி ஆலைக்குள்ளேயே விழுகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆலை நிற்பதில்லை. மரம் கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேசும் படம் வந்து ஐந்தே வருஷம் ஆன காலத்தில், இசை எதுவும் போடாமல் அந்தச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள். கதாநாயகி கதையெல்லாம் அதற்குப் பிறகு சப்பென்று இருக்கும்.

● இதே ஹால்பெரின் 1936ல் 'ரிவோல்ட் ஆஃப் தி ஜோம்பிஸ்' எடுத்தார். இந்தத் தடவை கதை நடக்கும் இடம் கம்போடியாவின் அங்கோர்! நம் செட்டியார்கள் சைகோனில் கிட்டங்கி போட்டு வட்டித் தொழில் நடத்திக்கொண்டிருந்த அதே பிரெஞ்சு இந்தோசீனா. ஆனால் படக்குழு அங்கே போகவே இல்லை. அங்கோர் கோயில் படங்களைப் பின்திரையில் ஓடவிட்டு முன்னால் நடிகர்களை நிறுத்திவிட்டார்கள். லுகோசிக்குச் சம்பளம் கொடுக்கவும் வசதியில்லை போலும். பழைய படத்திலிருந்து அவர் கண்களின் குளோசப்பை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

● 1941ல் வந்த 'கிங் ஆஃப் தி ஜோம்பிஸ்' என்ற மூன்றாந்தரக் காமெடிப் படம் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது. பின்னணி இசைக்கு. நம்பித்தான் ஆக வேண்டும்.

● தலைப்பை வைத்து ஏமாறாதீர்கள்: 1943ல் வந்த 'ஐ வாக்ட் வித் எ ஜோம்பி' அந்தக் காலத்தின் அழகான பேய்ப்படங்களில் ஒன்று. தலைப்பு ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையிலிருந்து கம்பெனி திணித்தது. கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு, தயாரிப்பாளர் வால் லூட்டன் 'ஜேன் அயர்' நாவலைத் தூக்கி மேற்கிந்தியத் தீவுக் கரும்புத் தோட்டத்தில் நட்டுவிட்டார். இயக்கியவர் ஜாக் தூர்னர். ரத்தம் கிடையாது, அலறல் அதிகம் கிடையாது. ஆளுயரக் கரும்புக்கு நடுவே, காற்று சலசலக்க, இரண்டு பெண்கள் இரவில் நடந்துபோகிறார்கள். பாதை திரும்பும் இடத்தில் ஒருவன் நிற்கிறான். அவ்வளவுதான். கொல்லைக்குள் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும்.

● கரும்புத் தோட்டம் என்றதும் பாரதியார் நினைவு வராமல் போகாது. பிஜித் தீவில் நம் பெண்கள் பட்ட பாட்டை அவர் பாடினார். அதே ஒப்பந்தக் கூலி முறை ஹைட்டிக்குப் பக்கத்து வீடுவரை தமிழர்களைக் கொண்டுபோனது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆளில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். முதல் கப்பல் 1853ல் மார்த்தினிக் தீவில் இறங்கியது, மறுவருஷம் குவாதலூப். அங்கே இன்றும் மாரியம்மன் உண்டு, பெயர் மட்டும் 'மாலியமேன்' என்று நாக்கு மாறிவிட்டது. ஆக, ஜோம்பி உலவிய கடலில் நம் முப்பாட்டன்களும் கரும்பு வெட்டியிருக்கிறார்கள்.

● நம் ஊர்ச் சரக்கில் ஜோம்பிக்கு மிக நெருங்கிய சொந்தம் வேதாளம். பேய்க்கு உடம்பு கிடையாது. வேதாளமோ பிணத்துக்குள் புகுந்துகொண்டு அதை ஆட்டுவிக்கும். முருங்கை மரத்தில் தொங்குவது பிணம், பேசுவது வேதாளம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த 'கதாசரித்சாகர'த்திலேயே அந்த இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை 'அம்புலிமாமா'வுக்கு வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020ல் காலமானார். மாதாமாதம் ஒரு பிணத்தின் படத்தைப் பார்த்தபடி அரைப்பரீட்சை லீவில் முறுக்கு தின்ற தலைமுறை நாங்கள். எங்களை ஹாலிவுட் பயமுறுத்துவது கஷ்டம்.

ஒரே வித்தியாசம், ஜோம்பி வாயே திறக்காது. நம்முடையது கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டும்.

● வேதாளம் தமிழ் சினிமாவுக்குள் வந்ததில் காரைக்குடிக்குப் பங்கு உண்டு. ஏ.வி.மெய்யப்பன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையை விட்டுச் சொந்தச் சீமைக்குத் திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947 பொங்கலை ஒட்டி வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவரே இயக்கி வெளியிட்ட படம் 'வேதாள உலகம்'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், டி.ஆர்.மகாலிங்கம் கதாநாயகன். திகிலை எதிர்பார்த்துப் போனால் பாட்டும் நடனமும் சிரிப்பும்தான் கிடைக்கும். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட நிறையாத நேரம். யாருக்குத் திகில் வேண்டும்?

● அதற்கும் எண்ணூறு வருஷம் முன்னால் ஜெயங்கொண்டார் 'கலிங்கத்துப்பரணி'யில் போர்க்களத்தையே பேய்களின் சமையற்கட்டாக்கிவிட்டார். பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சி, பங்கு பிரித்து, சண்டை போட்டுக் குடிக்கின்றன பேய்கள். தலை போன பிறகும் எழுந்து ஆடும் முண்டத்துக்குக் 'கவந்தம்' என்று தனிப்பெயரே உண்டு. இதில் ஒரு பகுதியை அப்படியே படமாக்கினால் தணிக்கைக் குழு சான்றிதழ் கொடுக்காது. கல்லூரிப் பாடத்தில் மட்டும் ஆட்சேபணை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

● எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிய படத்துக்கு வருவோம். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968 அக்டோபர் 1, பிட்ஸ்பர்க். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். கைக்காசும் கடனுமாக 1,14,000 டாலர் திரட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் சாறு. குடல், ஈரலெல்லாம் நிஜம். பணம் போட்டவர்களில் கறிக்கடைக்காரர் ஒருவர் இருந்தது வசதியாகப் போயிற்று.

இந்தப் படத்தில் மந்திரவாதி இல்லை, எஜமான் இல்லை, கரும்புத் தோட்டம் இல்லை. செத்தவர்கள் தானாக எழுகிறார்கள், உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். கடித்தால் தொற்றும். தலையில் அடித்தால்தான் விழும். இன்று சின்னப் பையன்கள் மொபைல் கேமில் பின்பற்றும் விதிகளெல்லாம் இங்கே எழுதப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால் படம் முழுக்க 'ஜோம்பி' என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ரொமேரோ அவற்றைப் பிணந்தின்னிகள் என்றே நினைத்தார். பெயரை ஒட்டியது ரசிகர்கள்.

கதாநாயகன் டுவேன் ஜோன்ஸ், கறுப்பினத்தவர். ராத்திரி முழுக்கப் பிணங்களிடம் தப்பி விடியலில் ஜன்னல் ஓரம் வந்து நிற்பவரை, காப்பாற்ற வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஜோம்பி என்று நினைத்துச் சுட்டுவிடும். படச்சுருளைக் காரில் போட்டு நியூயார்க்குக்கு விற்கப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டோம் என்று ரொமேரோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

● அந்தப் படத்தை நீங்கள் நாளைக்கே ஊர்ப் பொட்டலில் திரை கட்டிக் காட்டலாம். காப்புரிமை கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் பெயர் அட்டையை மாற்றியபோது, அதே அட்டையில் இருந்த காப்புரிமை வரியும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமை இல்லை. கோடிக்கணக்கில் சம்பாதித்திருக்க வேண்டிய படம் பொதுச்சொத்தாகிவிட்டது. பத்திரத்தைப் பத்துத் தடவை படித்துப் பார்க்கும் செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை ஒருவர் கூட இருந்திருந்தால் நடந்திருக்காது.

● பெலா லுகோசி 1956ல் இறந்துபோனார். அதற்குப் பிறகும் ஒரு படத்தில் 'நடித்தார்'. சாவதற்குமுன் எடுத்துவைத்த சில நிமிடக் காட்சிகளை வைத்துக்கொண்டு எட் வுட் என்ற இயக்குநர் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எடுத்தார். மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவியின் முதுகுவலி வைத்தியரைக் கூட்டிவந்து, போர்வையால் முகத்தை மூடியபடி நடக்கவிட்டார். வைத்தியர் லுகோசியைவிட நல்ல உயரம். படம் செத்தவர்களை எழுப்புவதைப் பற்றியது.

● தொண்டிப் பக்கம் மீனவர்கள் வலையில் பேத்தை விழுந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். உப்பிப் பந்தாகும் அந்த மீனின் விஷம்தான் ஜோம்பி ரகசியம் என்றார் வேட் டேவிஸ் என்ற ஆராய்ச்சியாளர். 1962ல் ஹைட்டி மருத்துவமனையில் இறந்ததாகப் பதிவான ஒருவர், 1980ல் ஊருக்குத் திரும்பி வந்து தன்னை மயக்கித் தோட்டத்தில் அடிமையாக வைத்திருந்தார்கள் என்று சொன்னதை ஆராயப்போய் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதை 1988ல் இயக்குநர் வெஸ் கிரேவன் படமாக்கினார். டேவிஸ் கொண்டுவந்த பொடியில் விஷமே போதுமான அளவு இல்லை என்று மற்ற விஞ்ஞானிகள் மறுத்துவிட்டார்கள். எனக்கு விஷத்தைவிட அந்த மனிதர் சொன்ன வேலைதான் உறுத்துகிறது. மறுபடி கரும்பு.

● இந்தியில் புதைகுழியிலிருந்து எழும் பிணத்துக்குக் கல்லா கட்டிக் கொடுத்தது ராம்சே சகோதரர்களின் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே', 1972. தமிழில் அந்த வகைப் படத்துக்கு 2016 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்'. மிருகம் பாதி, மனிதன் பாதி, தலைப்பு அப்படிப் பிறந்தது. ஜெயம் ரவி ஊட்டியில் டிராபிக் போலீஸ்காரர். கொட்டிக்கிடந்த ரசாயனத்தை ஒரு நாய் நக்க, நாய் ஒருவரைக் கடிக்க, கிளம்புகிறது கூட்டம். அந்த ஜோம்பிகள் தண்ணீரைக் கண்டால் பயப்படும். வெறிநாய்க்கடி பார்த்த ஊர்க்காரனுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. தமிழ்ப்படுத்துவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உலகமே கொண்டாடிய கொரியப் படம் 'டிரெய்ன் டு பூசான்' கான் விழாவில் திரையேறியது அதே வருஷம் மே மாதம். நாம் மூன்று மாதம் முந்தி.

ஆனாலும் இந்த ஊரில் ஜோம்பி ஒட்டவில்லை. நம் பேய்க்கு ஒரு வழக்கு இருக்க வேண்டும். யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும், யாரோ கொன்றிருக்க வேண்டும், இடைவேளைக்குப் பிறகு அது நியாயம் கேட்க வேண்டும். கோரிக்கையே இல்லாத பேயை வைத்துக்கொண்டு நம் கதாசிரியர் என்னதான் செய்வார்?

● 2020ல் நெட்பிளிக்ஸில் வந்த 'பேதால்' தொடரில் சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் ஜோம்பிகள். சுரங்கத்தை உடைத்ததும் துப்பாக்கியோடு அணிவகுத்து வருகிறார்கள். காளையார்கோவில் காட்டில் எடுத்திருந்தால் ஊரே திரண்டிருக்கும், வளரியோடு.

● எங்கள் அப்பத்தாவுக்கு டிவியில் ஓடிய ஜோம்பி படத்தை விளக்கப் போய் நான் பட்ட பாடு தனி. பெயரைச் சொன்னதும் "சோம்பியா? வேலைவெட்டிக்குப் போகமாட்டானா?" என்று கேட்டாள்.

"அதுக்கு நேர் எதிர் அப்பத்தா. ராத்திரி பகலா வேலை பார்ப்பான். கூலி கேக்கமாட்டான், எதுத்துப் பேசமாட்டான், உப்பில்லாத சோறு போட்டாப் போதும்."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"இவன் நம்மூருக்கு வந்தா, பயந்து ஓடவா செய்வாய்ங்க? எங்க வயலுக்கு ரெண்டு பேரு வேணும்னு வரிசையில நிப்பாய்ங்க."